மலை உச்சி ரிப்பீட்டருக்கு எத்தனை பேட்டரி, எத்தனை பேனல்?

மின்கம்பி எட்டாத இடத்தில் ரேடியோ ரிப்பீட்டர் (பலவீனமாக வரும் பேச்சை வாங்கி, பலமாகத் திருப்பி அனுப்பும் பெட்டி) வைக்கப் போகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எத்தனை வாட் பேனல் போடலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் தெரியவேண்டியது உங்கள் பெட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பது. அதையும் பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்துச் சொல்லக்கூடாது. ஆம்பியர்-மணியை (எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம் என்ற பெருக்கல்) கூட்டிக்கொண்டே போகும் சின்ன டிசி மீட்டர்கள் கிடைக்கின்றன, அதில் ஒன்றைப் பேட்டரி ஒயரில் மாட்டி, மேலே ஏற்றும் முன்பே ஒரு வாரம் கீழே மேஜையில் ஓடவிட்டு அளந்துவிடுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட் ரிப்பீட்டர், சும்மா காத்திருக்கும்போது 0.7 ஆம்பியர், பேச்சு போகும்போது 9 ஆம்பியர். ஒரு நாளில் மொத்தம் 2 மணி நேரம் டிரான்ஸ்மிட் என்றால் 18 ஆம்பியர்-மணி. மீதி 22 மணி நேரம் காத்திருப்பதற்கு 15.4. பார்த்தீர்களா, ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பதற்கே கிட்டத்தட்ட அதே அளவு போய்விடுகிறது! அப்புறம் யாராவது ஒரு குட்டி ரவுட்டரையும் சேர்த்து வைப்பார்கள், "0.3 ஆம்பியர்தானே" என்று. 24 மணி நேரத்துக்கு அது 7.2 ஆம்பியர்-மணி. ஆக மொத்தம் 40.6, சார்ஜ் ஏறி இறங்குவதில் போகும் இழப்புக்கு 15 சதவீதம் சேர்த்தால் 47.

இந்த இடத்தில் நின்று, குறைக்க முடிந்ததையெல்லாம் குறைத்துவிடுங்கள். இங்கே மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு ஆம்பியர்-மணியும் பின்னால் பேட்டரியிலும் பேனலிலும் பல மடங்காகத் திரும்பி வரும். பேசி முடித்த பிறகும் ரிப்பீட்டர் 5 நொடி கேரியரை, அதாவது பேச்சில்லாத வெறும் சிக்னலை, பிடித்து வைத்திருந்தால் அதை 1 நொடியாக்குங்கள். 40 வாட்டை 20 வாட்டாக்கினால் சிக்னல் 3 டெசிபல்தான் இறங்கும், நல்ல உயரத்தில் இருக்கும் ஆண்டெனாவுக்குப் பெரும்பாலும் அது தெரியவே தெரியாது.

சரி, பேட்டரிக்கு வருவோம். சூரியனே தலைகாட்டாமல் எத்தனை நாள் தாங்க வேண்டும்? வண்டியில் ஏறிப் போய்ச் சரிபார்க்க முடிகிற இடம் என்றால் 3 நாள் போதும், நடந்துதான் போகவேண்டும் என்றால் 5, பனியோ வெள்ளமோ வழியை அடைத்துவிடும் இடத்துக்கு 7 முதல் 10 நாள் என்று நான் எடுத்துக்கொள்வேன். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். புயலும் தொடர்மழையும் அடிக்கிற வாரத்தில்தான் அந்த ரேடியோ ஜனங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படும், பேனலில் ஒன்றும் வராத வாரமும் அதேதான். 5 நாள் என்றால் 47ஐ ஐந்தால் பெருக்க 235 ஆம்பியர்-மணி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் சட்டென்று குறையும் என்பதால் 470 வேண்டும். குளிரில் கொள்ளளவு சுருங்கும், சில வருடத்தில் தானாகவும் குறையும், அதனால் 600க்குப் போவதே நல்லது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை 80 சதவீதம் வரை இறக்கலாம், 300 போதும். எடையும் பாதிக்குக் குறைவு, தலைச்சுமையாக மேலே ஏற்றும்போது இது பெரிய விஷயம். ஆனால் 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது, செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெட்டுவிடும். உறைபனி விழும் உச்சி என்றால் குளிரில் சார்ஜைத் தானே நிறுத்திக்கொள்ளும் வகையைத்தான் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் லெட் ஆசிட்டே தேவலை. வெப்பமான இடத்தில் பிரச்சனை வேறு. லெட் ஆசிட்டுக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும், ஆகவே வெயிலில் காயும் இரும்புப் பெட்டிக்குள் அதைப் பூட்டி வைக்காதீர்கள்.

இப்போது பேனல். வருடச் சராசரி வெயிலை எடுத்துக் கணக்கு போட்டால் நிச்சயம் அடிவாங்குவீர்கள். அந்த இடத்தின் மிக மோசமான மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேர முழு வெயிலுக்குச் சமமாகக் கிடைக்கிறது என்று பாருங்கள். 3 மணி என்று வைத்துக்கொள்வோம். 47 ஆம்பியர்-மணியை 13 வோல்ட்டால் பெருக்கினால் 611 வாட்-மணி. தூசி, சூடு, கோணம் எல்லாம் கழித்து பேனல் லேபிளில் போட்டதில் 70 சதவீதம்தான் வரும் என்று எடுத்தால், 3 மணி 2.1 ஆகிவிடும், 611ஐ அந்த 2.1ஆல் வகுக்க 291 வாட். இது வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போகும் அளவு, அவ்வளவுதான். மழை வாரத்தில் காலியான 235ஐ யார் நிரப்புவது? 10 நாளில் நிரம்ப வேண்டும் என்றால் தினம் 23.5 கூடுதலாக ஏறவேண்டும், அதாவது 47க்குப் பதில் 70.5, அதே கணக்கில் 436 வாட் வருகிறது. 450 போடுங்கள். லெட் ஆசிட் பாதி வயிற்றோடே வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும், அதனால் பேனலைச் சற்றுத் தாராளமாகப் போடுவது பேட்டரியையும் காப்பாற்றும்.

நிழலைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு தளத்தில் கோடையில், நடுப்பகலில் நின்று பார்த்து, பேனல் மேல் நிழலே இல்லை என்று திருப்தியாக இறங்கி வந்தோம். குளிர்காலத்தில் சூரியன் சாய்ந்ததும் டவரின் ஒரு கால் கையகல நிழலாகப் பேனலின் குறுக்கே விழுந்தது, காலை முழுக்க கரண்ட் பாதிகூட வரவில்லை. செல்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்டவை, ஒன்று மூடினால் அந்த வரிசை முழுவதும் படுத்துவிடும். நம்பாவிட்டால் வெயிலில் ஓடும் பேனலில் ஒரே ஒரு செல்லை அட்டையால் மூடிக்கொண்டு ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரில் ரேடியோக்காரர்களுக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு. எம்பிபிடி (பேனலின் உச்சத் திறனைத் தேடிப் பிடிக்கும்) வகை அதிக மின்சாரம் எடுத்துத் தரும், ஆனால் உள்ளே வேகமாகச் சுவிட்ச் ஆவதால் இரைச்சலைக் கக்கி ரிசீவரைச் செவிடாக்கலாம். வாங்கியதும் இப்படிச் சோதியுங்கள்: நல்ல வெயிலில், தத்தளித்துக் கேட்கும் பலவீனமான ஒரு சிக்னலைப் பிடித்துக்கொண்டு பேனல் ஃபியூஸைக் கழற்றுங்கள். சரசரப்பு நின்று பேச்சு தெளிந்தால் குற்றவாளி கன்ட்ரோலர்தான். உலோகப் பெட்டிக்குள் வைத்து, உள்ளே வெளியே போகும் ஒயர்களில் ஃபெரைட் வளையம் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டி, ஆண்டெனா கேபிளிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஒயர் தடிமனிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். 5 மீட்டர் தள்ளியிருக்கும் பேட்டரிக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால், 9 ஆம்பியர் ஓடும்போது போக வர 0.4 வோல்ட் அதிலேயே தொலையும். 16 போட்டால் 0.1தான். 13.8 வோல்ட்டில் 15 சதவீதம் கூடக்குறைய என்று குறிப்பிட்ட ரேடியோ 11.7க்குக் கீழே முரண்டு பிடிக்கும், பேட்டரி 12இல் இருக்கும்போதே அது அணைந்துவிட்டால் மீதி இருக்கும் சார்ஜால் யாருக்கு என்ன பயன்? ஃபியூஸ் பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

எல்லாம் ஓட ஆரம்பித்தபின் தினமும் விடிவதற்குச் சற்று முன் உள்ள வோல்டேஜை மட்டும் கீழே வாங்கிக் குறித்து வாருங்கள். லெட் ஆசிட் என்றால், டிரான்ஸ்மிட் இல்லாத அமைதியான நேரத்தில், 12.6க்கு மேல் நல்ல நிலை, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. லித்தியத்துக்கு வோல்டேஜ் நிரம்பியதிலிருந்து காலியாகும் வரை பெரிதாக அசையாது, ஆகவே அதற்கு ஷண்ட் (ஓடும் கரண்டை அளக்க ஒயரில் கோர்க்கும் மிகச் சிறிய மின்தடை) வைத்த மீட்டர் போட்டு, ஏறியதையும் இறங்கியதையும் ஆம்பியர்-மணியிலேயே எண்ணிக்கொள்ள வேண்டும்.