முந்தி வாசிக்கும் குழந்தைக்குக் கதைப் புத்தகம் தேடும்போது தவிர்க்க வேண்டியவை

7 வயதிலேயே, 12 வயதுப் பிள்ளைகளுக்கான நாவலைத் தடுமாறாமல் வாசித்துவிடுகிற குழந்தைகள் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையோடு ஒரு அவசரமும் சேர்ந்துகொள்கிறது: இதைவிடத் தடியான புத்தகம் எங்கே, இதைவிடக் கடினமானது எங்கே என்று. தவறுகளில் பாதிக்கு மேல் இந்த அவசரத்தில்தான் தொடங்குகின்றன. எழுத்தை வாசிக்கும் திறன் வயதை முந்திக்கொண்டு ஓடலாம். பயத்தையும் துக்கத்தையும் தாங்குகிற மனம் அப்படி ஓடுவதில்லை, அது 7 வயதில்தான் இருக்கும். புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில், மதிப்பெண்ணை நம்புவது. புத்தகங்கள் எவ்வளவு கடினம் என்று எண் கொடுக்கும் முறைகளில் லெக்ஸைல் மிகவும் பரவலானது. வாக்கியங்கள் எவ்வளவு நீளம், சொற்கள் எவ்வளவு அடிக்கடி புழங்குபவை என்பதை வைத்தே அது கணக்குப் போடுகிறது. கதை எதைப் பற்றியது என்பது அந்தக் கணக்கில் வராது. ஜான் ஸ்டைன்பெக் 1939-இல் எழுதிய ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலுக்கு லெக்ஸைல் எண் 680. நிலத்தை இழந்து ஊரை விட்டுக் கிளம்பும் ஒரு குடும்பத்தின் கதை அது. பசி, சுரண்டல், வழியிலேயே சாவு, இறந்து பிறக்கும் குழந்தை எல்லாம் உண்டு. அமெரிக்காவில் 2010-இல் வெளியான காமன் கோர் பாடத்தர ஆவணம் இதையே உதாரணமாகக் காட்டியது. எண்ணை மட்டும் பார்த்தால் இந்த நாவல் 2, 3ஆம் வகுப்புக்குப் போய்விடும், உண்மையில் அது 9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது என்று விளக்கியது. எளிய மனிதர்கள் சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசுகிறார்கள், அதனால் எண் இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான். “என் பிள்ளையின் எண் இது, அதே எண் உள்ள புத்தகம் கொடுங்கள்” என்று கேட்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

அடுத்தது, சரளமாக வாசிப்பதையே புரிதலாக எடுத்துக்கொள்வது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறாகப் படுகிறது. கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் வாசிப்பை ஒரு பெருக்கலாக விளக்கினார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொரு பக்கம். இரண்டையும் பெருக்கி வருவதுதான் படித்துப் புரிந்துகொள்வது. ஒன்று எவ்வளவு உயர்ந்திருந்தாலும் மற்றது குறைவாக இருந்தால் விடையும் குறையும்.

ஒரு கதையில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: அம்மா பாத்திரத்தை எட்டிப் பார்க்கிறாள். “எனக்குப் பசிக்கவில்லை, நீ சாப்பிடு” என்று மிச்சத்தையெல்லாம் மகன் தட்டில் போடுகிறாள். இதில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. வேகமாக வாசிக்கும் 7 வயதுக் குழந்தையிடம் அந்த அம்மா ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால், “அவங்களுக்குப் பசிக்கல” என்று பதில் வரலாம். புத்தகத்தில் அப்படித்தானே எழுதியிருக்கிறது! 10 வயதுக் குழந்தைக்கு, பாத்திரத்தில் இருந்தது ஒரு ஆளுக்குத்தான் போதும் என்பது பிடிபட்டுவிடும். பெரியவர்களுக்கான கதைகள் முழுக்க முழுக்க இப்படிச் சொல்லாமல் விட்ட இடங்களில்தான் நடக்கின்றன. அதையெல்லாம் தாண்டிக் குதித்துக் கடைசிப் பக்கத்துக்கு வந்து, “படிச்சு முடிச்சிட்டேன்” என்று சொல்லும் குழந்தைக்கு, அந்த நாவல் உண்மையில் கிடைக்கவே இல்லை. “படித்ததுதானே” என்று பிறகு திரும்பித் தொடாமலும் போகலாம்.

ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கும் சோதனை பலருக்குப் பழக்கம். ஐந்தும் மடங்கினால் புத்தகம் கடினம் என்று அர்த்தம். இப்போதுதான் வாசிக்கத் தொடங்கிய குழந்தைக்கு அது சரி. முந்தி வாசிக்கும் குழந்தைக்கு ஒரு விரல்கூட மடங்காது. அவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்காமல், ஏன் நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். தேர்வு வைப்பது மாதிரி வேண்டாம், பேச்சோடு பேச்சாக ஒரு கேள்வி போதும்.

தொடர் புத்தகங்களில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. முதல் பாகம் பொருந்தியதால் மொத்தமும் பொருந்தும் என்று நினைத்துவிடுகிறோம். ஹாரி பாட்டர் வரிசை 1997-இல் தொடங்கி 2007-இல் முடிந்தது. நாயகனுக்கு முதல் புத்தகத்தில் 11 வயது, கடைசியில் 17. பிரிட்டிஷ் முதல் பதிப்பில் முதல் பாகம் 223 பக்கம், ஐந்தாவது 766. தடிமனோடு இருட்டும் கூடுகிறது. நான்காவதின் முடிவில் நாயகனின் கண்முன்னே ஒரு மாணவன் கொல்லப்படுகிறான். வெளிவந்தபோதே படித்த பிள்ளைகளுக்கு நடுவில் பத்து வருடம் கிடைத்தது. இன்றைக்கு ஒரு 8 வயதுக் குழந்தை ஏழு பாகங்களையும் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடும். மூன்றோடு நிறுத்தி, நடுவில் வேறு எழுத்தாளர்களைக் கொடுத்து, மிச்சத்தைப் பிறகு தருவதில் தவறே இல்லை.

சரி, அப்படியானால் எந்தப் பக்கம் போவது? வயதில் மேலே போகாமல், அதே வயதுப் பிரிவுக்குள் ஆழமாகப் போங்கள். பதிப்பகங்கள் 8 முதல் 12 வயது வரை என்று வகுக்கும் நாவல்களே ஒரு கடல். பல குரல்கள் மாறி மாறிச் சொல்லும் கதைகள், காலம் முன்பின்னாகப் போகும் கதைகள், துப்பறியும் முடிச்சுகள், சொல் விளையாட்டு நிறைந்தவை, பழைய நடையில் எழுதியவை, வரலாறும் அறிவியலும் கதையோடு பின்னியவை என்று மூளைக்கு வேலை வைக்கும் புத்தகங்கள் அங்கே நிறைய. நாயகனின் வயதும் நல்ல அடையாளம். தன்னைவிட இரண்டு மூன்று வயது பெரிய பிள்ளையின் கதையைக் குழந்தைகள் விரும்பிப் படிப்பார்கள். நாயகிக்கு 16 என்றால் அவளுடைய கவலைகளும் 16 வயதுக்குரியவையாகத்தான் இருக்கும்.

முதல் அத்தியாயத்தை மட்டும் புரட்டிவிட்டு முடிவெடுக்காதீர்கள். அது எப்போதும் இனிமையாகத்தான் இருக்கும். முக்கால்வாசி தாண்டிய இடத்தில் திறந்து 20 பக்கம் படியுங்கள், சிக்கல் முற்றுவது அங்கேதான். அப்புறம் கடைசி அத்தியாயம். சாவும் பிரிவும் வந்தாலே ஒதுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நல்ல சிறார் நாவல்களில் அவை வரத்தான் செய்யும். அந்தத் துக்கத்தில் கதைக்குள் குழந்தைக்குத் துணையாக யாராவது இருக்கிறார்களா, கொடுமை விலாவாரியாக விவரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். உங்கள் குழந்தைக்கு எது தாங்காது என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். போர்க் கதையைச் சாதாரணமாகப் படிக்கும் பிள்ளை, நாய்க்குட்டி செத்துப்போகும் கதைக்கு இரண்டு நாள் தூங்காமல் இருக்கலாம்.

“இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் படிப்பது” என்று படக்கதைகளையும் எளிய புத்தகங்களையும் பிடுங்குவது இன்னொரு தவறு. ஏற்கெனவே படித்ததைப் பத்தாவது முறை படிப்பதையும் தடுக்க வேண்டாம். அந்த வாசிப்பில்தான் முதல் தடவை தாண்டிப்போன இடங்கள் கண்ணில் படும். பெரிய நாவல்களின் சுருக்கப் பதிப்புகள் இந்தக் குழந்தைகளுக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து. சுருக்கும்போது முதலில் போவது நடையும் நகைச்சுவையும். சில வருடம் பொறுத்தால் முழுதாகவே படித்துவிடுவார்கள்.

புத்தகத்துக்கு இவ்வளவு என்று பரிசு வைப்பதும் வேண்டாம். லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்குச் சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரைய வைத்தார்கள். அந்தக் குழந்தைகள் பிறகு தாமாக வரைந்த நேரம் மற்றவர்களைவிடக் குறைந்துபோனது. வாசிப்பில் ஆசையுள்ள குழந்தைக்கு எண்ணிக்கையைக் காட்டினால், மெலிந்த புத்தகமாகத் தேடி எடுக்கத் தொடங்கும். பிடிக்காததைப் பாதியில் வைத்துவிடும் உரிமையும் குழந்தைக்கு வேண்டும்.

இரண்டு மொழிகளில் வாசிக்கும் குழந்தைக்கு இரண்டிலும் ஒரே நிலை இருக்காது. ஒவ்வொரு மொழிக்கும் தனியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

அதையும் மீறி, வயதுக்கு மிஞ்சிய ஒரு புத்தகத்தைக் குழந்தை கேட்டு நிற்கும். “உனக்குப் புரியாது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முந்தி வாசிக்கும் குழந்தையை அந்தச் சொல் நன்றாகவே சீண்டும், ஒளித்து வைத்தாவது படிக்கத் தோன்றும். புரியும், ஆனால் இதில் வரும் சில விஷயங்கள் கொஞ்ச நாள் கழித்துப் படித்தால் நல்லது என்று காரணத்தோடு சொல்லலாம். அல்லது நீங்களே ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று வாய்விட்டு வாசித்துக் காட்டலாம். கேள்வி வரும் இடத்தில் நிறுத்திப் பேசலாம், கனமான இடம் வந்தால் அன்றைக்கு அதோடு மூடிவைத்துவிட்டு மறுநாள் பகலில் தொடரலாம்.