லா ஹோயா பாறையில் பழுப்புக் கூழைக்கடா பார்க்கலாம், வாருங்கள்

வேடந்தாங்கல் கூழைக்கடா நீந்திக்கொண்டே மீனை வாரும். கலிபோர்னியாக் கரையில் இருக்கும் பழுப்புக் கூழைக்கடாவோ வானத்திலிருந்து தலைகீழாகக் கடலில் பாயும். அந்தப் பாய்ச்சலுக்காகவே ஒருமுறை போய்ப் பாருங்கள்.

படி 1: இடமும் நேரமும்
சான் டியேகோ நகரில் லா ஹோயா கோவ் என்ற சிறு விரிகுடா. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை வேளை. அப்போது பெரிய பறவைகளுக்குத் தலை மஞ்சளாகவும் பிடரி அடர்பழுப்பாகவும் தொண்டைப்பை சிவப்பாகவும் நிறம் ஏறியிருக்கும். எச்ச நாற்றம் மூக்கைத் துளைக்கும். பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

படி 2: பைனாகுலர்
8 மடங்கு பெரிதாக்குவது போதும். முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பிடியுங்கள். பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.

படி 3: இளசா, பெரியதா?
தலையும் கழுத்தும் பழுப்பு, வயிறு வெள்ளை என்றால் இளசு. அதைக் கண்டால் எனக்கு மனசு நிறைந்துவிடும், ஏனென்றால் ஒருகாலத்தில் குஞ்சே பொரியாத நிலை இருந்தது. கூழைக்கடா கால் சவ்வால் முட்டையை அடைகாக்கும். டிடிடி பூச்சிமருந்தால் ஓடு மெலிந்துபோக, தாயின் எடையிலேயே முட்டைகள் நொறுங்கின. 1970இல் கலிபோர்னியாக் கரையை அடுத்த அனகாப்பா தீவில் தேறியது ஒரே ஒரு குஞ்சு. 1972இல் அமெரிக்கா அந்த மருந்தைத் தடை செய்தது. 2009இல் இப்பறவை அழியும் நிலையிலுள்ளவற்றின் பட்டியலிலிருந்து நீங்கியது.

படி 4: பாய்ச்சல்
பல பறவைகளைத் துரத்தாதீர்கள். ஒன்றை மட்டும் தொடருங்கள். வட்டமிடும்போது தலை கீழ்நோக்கி இருக்கும். சட்டென்று சாய்ந்து, சிறகைப் பின்னால் மடக்கி, உடம்பை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு விழும். மூச்சுக்குழலும் உணவுக்குழலும் கழுத்தின் வலப்பக்கம் இருப்பதால் அவற்றில் அடி படாமல் காக்கத்தான் அந்தத் திருப்பம். தோலுக்கடியிலுள்ள காற்றுப்பைகள் அதிர்ச்சியைத் தாங்கும். தண்ணீர் தெறித்ததும் கண்ணை எடுத்துவிடாதீர்கள். அலகைத் தாழ்த்தி, பையிலுள்ள நீரைப் பொறுமையாக வடியவிடும். பிறகே தலையை உயர்த்தி விழுங்கும். அந்த இடைவெளியில்தான் ஹீர்மன் கடற்காகம் வந்து மீனைப் பறிக்கப் பார்க்கும். சாம்பல் உடம்பு, சிவப்பு அலகு, அடையாளம் எளிது.

படி 5: அக்கம்பக்கம்
சிறகை விரித்துக் காயவைப்பது நீர்க்காகம். கரும்பாறையில் சிவப்பு அலகு மட்டும் நகர்வதுபோல் தெரிந்தால் அது கருஞ்சிப்பி பிடிப்பான்.

படி 6: தூரம்
வேலியைத் தாண்டாதீர்கள், தீனி போடாதீர்கள். கரையில் கிடக்கும் தூண்டில் நரம்பைச் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். அதில் காலும் சிறகும் சிக்கிச் சாகும் பறவைகள் உண்டு. உட்கார்ந்திருப்பவை எழுந்து நின்று உங்களையே பார்த்தால் இரண்டடி பின்வாங்குங்கள்.