பாதியாகக் குறையுமாம், எதில் பாதி?

காரைக்குடியில் பக்கத்து வீட்டு ஆச்சி வளவுத் தூணில் சாய்ந்தபடி போனை நீட்டினார். “தம்பி, இந்த மாத்திரை மாரடைப்பைப் பாதியாக் குறைக்குமாம்ல?”

கண்டாங்கிச் சேலை பாதி விலை என்றால் ஆச்சி முதலில் பழைய விலையைத்தான் கேட்பார். மருந்துச் செய்திக்கும் அதே கேள்விதான். 1000 பேரில் 2 பேருக்கு வருவது 1 ஆனாலும் பாதி. 200 பேருக்கு வருவது 100 ஆனாலும் பாதி. முதல் கணக்கில் ஒருவர் தப்பிக்க 1000 பேர் மாத்திரை விழுங்க வேண்டும், இரண்டாவதில் 10 பேர் போதும்.

பயமுறுத்தும் செய்திக்கும் இதுவே. 1995-இல் பிரிட்டனில் சில கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு அபாயத்தை இரட்டிப்பாக்கும் என்று எச்சரித்தார்கள். உண்மையில் 7000 பெண்களில் 1 என்றிருந்தது 2 ஆகியிருந்தது. பலர் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள். மறு வருடம் கருக்கலைப்புகள் கூடின.

அப்புறம், எத்தனை வருட ஆய்வு, யாரோடு ஒப்பிட்டார்கள், பணம் யாருடையது என்றும் பாருங்கள். நான் படித்தபோது மருந்தளவுகளை மனப்பாடம் செய்யவைத்தார்கள். ஆய்வுக் கட்டுரையில் இதையெல்லாம் தேட ஒரு வகுப்புகூட எடுக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் உண்டு.

ஆச்சியின் செய்தியில் பழைய கணக்கே இல்லை. “அப்ப அழிச்சிரு” என்றார்.