பாப்பாவின் பங்கை விற்க எந்தக் கோர்ட்?

அண்ணன் தவறியபின், தஞ்சாவூரில் அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு அம்மா, அண்ணி, 9 வயது பாப்பா மூவருக்கும் ஆளுக்கொரு பங்காக வந்தது. பாப்பாவின் படிப்புக்காக வீட்டை விற்க முடிவெடுத்தோம். பாப்பாவைப் பெற்ற அண்ணியே கார்டியன்தானே, அவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைத்துவிட்டோம். போதாது. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956, பிரிவு 8-ன்படி முன்கூட்டியே கோர்ட் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை மேஜரானதும் அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

அண்ணியும் பாப்பாவும் இருப்பது கோயம்புத்தூர். அங்கேயே குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். அதிகார வரம்பு இல்லை என்று திரும்பி வந்தது. இரண்டு மாதம் வீண், அண்ணி அழுதேவிட்டார்.

பிறகுதான் ஒரு வக்கீல் பொறுமையாக விளக்கினார். பிள்ளை யார் பொறுப்பில் வளர வேண்டும் என்ற வழக்கென்றால், பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊர்க் கோர்ட். அது 1890-ம் வருடக் காப்பாளர்கள் சட்டத்தின் (Guardians and Wards Act) பிரிவு 9. நாங்கள் கேட்டதோ மைனரின் வீட்டை விற்க அனுமதி. அதற்குச் சொத்து இருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றம்தான்.

தஞ்சாவூரில் மறுபடி மனுப் போட்டோம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிறப்புச் சான்று, வில்லங்கச் சான்று, கூடவே பள்ளிக் கட்டண ரசீதுகள். விற்பது குழந்தைக்கு அவசியம் அல்லது தெளிவான நன்மை என்று காட்டியாக வேண்டும். அந்த ரசீதுகள்தான் கைகொடுத்தன. அனுமதி கிடைத்தது. பாப்பாவின் பங்குப் பணம் 18 வயதுவரை வங்கியில் அவள் பெயரில் டெபாசிட்டாக இருக்கும்.