ஆள் ஏன் நின்றார் என்று கடைசி நாளில் கேட்காதீர்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஹெச்.ஆர். வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஆட்கள் ஏன் தாங்களாகவே வேலையை விட்டு நிற்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, நாங்கள் வந்த புதிதில் என்னென்ன கோணலாகச் செய்தோமோ அதையேதான் இவர்களும் செய்கிறார்கள். சம்பளத்தை நேரத்துக்குக் கொடு, கழிப்பறையைச் சுத்தமாக வை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

"சொந்தக் காரணம்" என்று எழுதி ஃபைலை மூடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. கடைசி நாளில் ஒரு படிவத்தை நீட்டி, ஏன் போகிறீர்கள் என்று கேட்கிறோம். அவருக்குப் பாக்கிச் சம்பளம் வர வேண்டும், பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதியை நாம் ஏற்ற வேண்டும், நாளைக்கு அடுத்த கம்பெனியிலிருந்து யாராவது போன் செய்தால் அவரைப் பற்றி நாம் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அந்த நிலையில் இருக்கிறவர், "சூப்பர்வைசர் வாயைத் திறந்தாலே என் அம்மாவை இழுக்கிறார்" என்று எழுதிக் கொடுப்பாரா? சொந்தக் காரணம் என்றுதான் எழுதுவார். நாமும் அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி, மாதக் கடைசியில் முதலாளிக்கு ரிப்போர்ட் போடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் கைவேகமுள்ள ஓவர்லாக் டெய்லர் ஒருவர், அதாவது துணித்துண்டுகளை ஓரம் சேர்த்துத் தைக்கிறவர், இருந்தார். அக்கா மகளுக்குக் காதுகுத்து, இவர்தான் தாய்மாமன், இவர் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். முன்கூட்டியே லீவு கேட்டிருந்தார். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்த சூப்பர்வைசர் முந்தின நாள் சாயங்காலம், "ஷிப்மென்ட் இருக்கு, போறதுன்னா அப்படியே போயிரு" என்றார். அவரும் போய்விட்டார். அடுத்த வாரம் பக்கத்துத் தெருவில், கூலிக்குத் தைத்துக்கொடுக்கிற ஒரு பவர் டேபிளில், பீஸுக்கு இவ்வளவு என்ற அதே ரேட்டுக்கு உட்கார்ந்திருந்தார். அவரோடு ஒரே ஊரிலிருந்து வந்தவர்களும் பின்னாலேயே போக, அடுத்து மடித்துத் தைக்கிற பேட்லாக் மெஷினுக்குத் துணி வராமல் தையல் லைனே படுத்துவிட்டது, புது ஆள் பிடித்து அவர் கை பழகுவதற்குள் தேதி தாண்டி, கப்பலில் போக வேண்டிய சரக்கு கம்பெனி செலவில் விமானத்தில் போனது. ரிஜிஸ்டரில் என்ன இருந்தது தெரியுமா? சொந்தக் காரணம்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் லீ, டெரன்ஸ் மிட்செல் இருவரும் 1994-இல் இதைப் பற்றி எழுதினார்கள். அதிருப்தி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துதான் ஆள் போகிறார் என்று இல்லை, பல நேரம் ஒரே ஒரு சம்பவம் ஆளை உலுக்கி முடிவெடுக்க வைத்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். அதனால் காரணத்தைத் தேடாமல் முதலில் சம்பவத்தைத் தேடுங்கள். போன மாதம் இவர் லீவு கேட்டாரா, யார் மறுத்தது, எந்த லைனிலிருந்து எந்த லைனுக்கு மாற்றினார்கள் என்று பாருங்கள். நின்றவர்களைக் காரணவாரியாக எண்ணாமல் சூப்பர்வைசர்வாரியாக எண்ணுங்கள். அப்புறம், இரண்டு மூன்று மாதம் கழித்து அவருக்கே போன் போடுங்கள். கணக்கு முடிந்து பணம் கைக்கு வந்தபிறகு மனசு விட்டுப் பேசுவார்.

சம்பளம் ஒன்றே போதும் என்று நினைப்பது

அமெரிக்காவின் ஃபோர்டு கார் கம்பெனி கதையை எல்லோரும் பாதிதான் சொல்கிறார்கள். 1913-இல் அங்கே ஆள் மாறும் விகிதம் 370 சதவீதம். சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார்கள், கூட்டம் அலைமோதியது, அது உண்மைதான். ஆனால் வேலைநேரத்தையும் அப்போதே நாளுக்கு 9 மணி நேரத்திலிருந்து 8 மணி நேரமாகக் குறைத்தார்கள். அதற்குச் சில மாதம் முன்பே, ஃபோர்மேன், அதாவது அங்கத்து சூப்பர்வைசர், நினைத்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பலாம் என்ற அதிகாரத்தையும் பறித்திருந்தார்கள். இந்தப் பாதியை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் சூப்பர்வைசரைத் தொட யாருக்கும் மனசு வருவதில்லை.

நிற்கிறேன் என்றதும் சம்பளம் ஏற்றுவது

மிரட்டினால்தான் கூடும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

கடைசிச் சம்பளத்தை இழுத்தடிப்பது

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, தானாக ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலைநாளுக்குள் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். பிடித்துவைத்தால் ஆள் திரும்பி வருவார் என்று நம்பாதீர்கள். அவர் ஊரிலிருந்து இனி ஒருவரும் வரமாட்டார்.

புது ஆளைச் சேர்த்ததோடு மறந்துவிடுவது

சேர்ந்த சில வாரத்திலேயே போகிறவர்கள் பலர் ஏஜென்ட் சொன்ன சம்பளமும் கையில் வாங்கிய சம்பளமும் ஒத்துப்போகாததால் போகிறவர்கள். சேரும் அன்றைக்கே, உனக்கு எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள், ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் பிடிப்பார்கள் என்று சொன்னார்களா என்று கேளுங்கள். ஒடிசா, பீகார் பிள்ளைகளிடம் கேட்க இந்தி தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர் அந்த ஏஜென்டின் ஆளாக இருக்கக் கூடாது.