அரிப்பு நின்றால் படர்தாமரை போய்விட்டதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடை இடுக்கில் வட்டமாக ஒரு தடிப்பு, விளிம்பில் பொடிப் பொடியாகச் செதில், ராத்திரி தூங்கவிடாத அரிப்பு. மெடிக்கல் ஷாப்பில் தயங்கித் தயங்கிச் சொன்னால் ஒரு டியூப் வரும். தடவிய மறுநாளே அரிப்பு அடங்கும், நாலு நாளில் சிவப்பும் மங்கும், டியூப் அலமாரிக்குப் போய்விடும். கொஞ்ச நாளில் பழையபடி அரிக்கும். இந்தத் தடவை வட்டம் பெரிது, பக்கத்தில் குட்டி வட்டம் ஒன்று புதிது. மறுபடி அதே டியூப். இப்படியே வருஷக்கணக்கில் படர்தாமரையைச் சுமந்துகொண்டு திரிபவர்கள் நம்மிடையே ஏராளம்.

வெட்கப்பட்டு வெளியே சொல்லாத நோய் என்பதால் இதைச் சில்லறை விஷயமாக நினைக்கிறோம். மருத்துவ ஆராய்ச்சியில் இது சில்லறை விஷயம் இல்லை. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் படர்தாமரையின் போக்கே மாறிவிட்டது. இரண்டு வாரக் களிம்பில் போன நோய் இப்போது மாதக்கணக்கில் மாத்திரை கேட்கிறது. இதைப் பற்றி வந்த ஆய்வுகளைப் படித்தால், நாம் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து கிளம்புவது தெரியும்: அரிப்பு அடங்குவதையே குணம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

அடங்குவது அரிப்பு, சாவது பூஞ்சை இல்லை

படர்தாமரைப் பூஞ்சை தோலின் மேலடுக்கில் உள்ள கெராட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிறது. சிவப்பும் அரிப்பும் பெரும்பாலும் அந்தப் பூஞ்சைக்கு எதிராக நம் உடல் காட்டும் எதிர்ப்பு. கடையில் தரும் அந்த டியூபில் பெரும்பாலும் ஸ்டீராய்டு என்ற அழற்சி அடக்கும் மருந்து கலந்திருக்கும்; அது அந்த எதிர்ப்பைத்தான் அமுக்குகிறது. வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது, ஆகவே திருடன் போய்விட்டான் என்று கதவைத் திறந்து வைத்துத் தூங்குகிற மாதிரி. தடுப்பார் இல்லாத பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது.

ஐவ், மார்க்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1968-லேயே இதைப் பதிவு செய்துவிட்டார்கள். ஸ்டீராய்டு தடவிய படர்தாமரையில் அந்த வழக்கமான வட்டமும் எழும்பிய விளிம்பும் கலைந்து, பார்த்தால் எக்ஸிமா என்ற தோல் அழற்சி போலவோ வேறு ஏதோ போலவோ உருமாறிவிடும் என்று காட்டினார்கள். மருத்துவரே ஏமாறும் நிலை இது. அப்புறம் எக்ஸிமா என்று நினைத்து இன்னும் வீரியமான ஸ்டீராய்டு எழுதப்படும். அரை நூற்றாண்டுக்கு முன்னால் தெரிந்த விஷயம், இன்றும் தினமும் நடக்கிறது.

இடுப்புக்குக் கீழே இதன் விளைவு இன்னும் மோசம். ஃபெல்ட்மேன், மைபாக் இருவரும் 1967-ல் வெளியிட்ட அளவீடுகள் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. முன்கைத் தோல் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஒரு பங்கு உறிஞ்சினால் நெற்றி 6 பங்கு, தாடையோரம் 13 பங்கு, விதைப்பைத் தோல் 42 பங்கு உறிஞ்சுகிறது. கையில் தடவினால் ஒன்றும் செய்யாத அளவு அங்கே தடவினால் தோலை மெலிய வைக்கும். தொடை இடுக்கில் பட்டை பட்டையாக விழும் கோடுகள் இப்படித்தான் வருகின்றன. பூஞ்சை ஒருநாள் போகும், அந்தக் கோடுகள் போகா.

டியூபின் முதுகைப் படிக்காமல் தடவுவது

முன்பக்கம் பெரிய எழுத்தில் வணிகப் பெயர் இருக்கும், அதை விடுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பெயர்களைப் பாருங்கள். க்ளோபெட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபைன் என்று நாலு பெயர் வரிசையாக இருந்தால், அது ஸ்டீராய்டு, பாக்டீரியாவுக்கு ஒன்று, ஒருசெல் ஒட்டுண்ணிக் கிருமிக்கு இன்னொன்று, பூஞ்சைக்கு ஒன்று என எல்லாவற்றையும் ஒரே டியூபில் அடைத்த கலவை. நோய் என்னவென்று தெரியாதபோது எதற்கும் கேட்கட்டும் என்று கொடுப்பதற்கு வசதியான சரக்கு. படர்தாமரைக்கு இதில் வேலை செய்வது ஒரே ஒரு பொருள். அதன் வேலையைக் கெடுப்பதும் அதே டியூபில் இருக்கிறது.

பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் என்று ‘சோன்’ எனப் பெயர் முடிந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு. இதில் ஒரு பொறி உண்டு. க்ளோபெட்டசாலின் பெயர், கீட்டோகொனசோல், லூலிகொனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளின் பெயர் மாதிரியே ஒலிக்கும். ஆனால் அதுதான் வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகளிலேயே வீரியம் மிக்க வகை. உரிய நோய்க்கு மருத்துவர் எழுதித் தரும்போதுகூட, தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல் போகக்கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது என்று அதன் குறிப்புத்தாள் எச்சரிக்கிறது.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். 14 வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகளை மத்திய அரசு 2018 மார்ச்சில் ஷெட்யூல் எச் பட்டியலுக்குக் கொண்டுவந்தது. அதாவது மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. அந்த விதியை நம்பி உட்கார்ந்திருப்பதும் ஒரு தவறுதான் என்பேன். கடையில் நடப்பது உங்களுக்கே தெரியும்.

முகத்துக்கும் இது பொருந்தும். 2011-ல் வெளியான ஒரு பல்மைய இந்திய ஆய்வு, முகப் பிரச்சினையோடு தோல் சிகிச்சைக்கு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவியிருந்ததாகச் சொன்னது. சிவப்பழகு க்ரீம் என்று நினைத்துத் தடவியவர்களும் அதில் உண்டு.

இதைப் படித்துவிட்டு வீட்டில் குழந்தையின் எக்ஸிமாவுக்கு மருத்துவர் தந்த ஸ்டீராய்டு களிம்பைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அது எதிர்த்திசைத் தவறு. சுல்ஸ்பெர்கர், விட்டன் இருவரும் 1952-ல் ஹைட்ரோகார்ட்டிசோன் பூச்சு தோல் அழற்சிக்குக் கேட்கிறது என்று காட்டியது தோல் மருத்துவத்தையே மாற்றிய கண்டுபிடிப்பு. எக்ஸிமாவில் எதிர்ப்பே நோய், அதை அடக்கத்தான் வேண்டும். படர்தாமரையில் பூஞ்சைதான் நோய்.

சுரண்டிப் பார்க்காமல் பெயர் வைப்பது

வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரை இல்லை. நாணய எக்ஸிமா வட்டமாக வரும், சொரியாசிஸ் வட்டமாக வரும். முக்கியமாக, தொழுநோயும் சில வகைகளில் வளையமாக வரும். அரிப்பில்லாத, நிறம் வெளுத்த, தொட்டால் உணர்ச்சி குறைந்த தேமலுக்கு மாதக்கணக்கில் பூஞ்சைக் களிம்பு பூசிக்கொண்டிருந்தால் நரம்பு பாழாகிவிடும்.

உறுதி செய்யும் சோதனை ரொம்ப எளிது. விளிம்பில் உள்ள செதிலை மழுங்கிய பிளேடால் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விடுவார்கள். அது தோல் செல்களைக் கரைத்துக் கண்ணாடியாக்கிவிடும். பூஞ்சையின் சுவர் கரையாது. சிறிது நேரத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால், கணு கணுவாகப் பிரிந்து கிளைவிட்டு ஓடும் இழைகள் தெரியும். சுரண்ட வேண்டியது நடுவில் அல்ல, விளிம்பில். பூஞ்சை வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டே போவதால் நடுப்பகுதி ஆறிப்போனதாகத் தெரியும். பூஞ்சைக் களிம்பைக் கெட்டியாக அப்பிக்கொண்டு சோதனைக்குப் போனால் இழை தெரியாமலே போகலாம், ஆகவே எப்போதிலிருந்து நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலு வாரத்தில் முடிந்துவிடும் என்று நம்புவது

வாரணாசி பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2020-ல் வெளியான ஒரு ஆய்வைச் சொல்லியே ஆக வேண்டும். 200 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் நாலு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பூஞ்சை மாத்திரை கொடுத்தார்கள். 4 வாரம் முடிந்தபோது எந்தக் குழுவிலும் குணமானவர்கள் 8 சதவீதத்தைத் தாண்டவில்லை. 8 வாரத்தில் இட்ராகொனசோல் 66 சதவீதம், ஃப்ளூகொனசோல் 42, டெர்பினஃபைன் 28, கிரிசியோஃபுல்வின் 14.

டெர்பினஃபைனைத் தோல் மருத்துவர்கள் ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதினார்கள். அதன் எண்ணிக்கை 28-க்கு விழுந்திருக்கிறது. சிறந்த மருந்திலும் மூவரில் ஒருவர் 8 வாரத்தில் குணமாகவில்லை. ஆகவே பத்து நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று அடுத்த மருத்துவரிடம் போவதில் அர்த்தமில்லை. அதிக டோஸ் போட்டால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு சேதி. டெல்லியில் இட்ராகொனசோலை நாளுக்கு 100, 200, 400 மில்லிகிராம் என மூன்று அளவுகளில் ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வந்தது. அளவு கூடியதால் நோய் திரும்ப வருவது குறைந்துவிடவில்லை.

இட்ராகொனசோல் விஷயத்தில் நம் ஊரில் சகஜமாக நடக்கும் ஒரு கூத்து உண்டு. காலையில் வெறும் வயிற்றில் ஒரு ‘கேஸ் மாத்திரை’, பிறகு இந்தக் கேப்ஸ்யூல். கேப்ஸ்யூல் வடிவ இட்ராகொனசோல் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். பான்டோப்ரசோலோ ஓமிப்ரசோலோ அமிலத்தை அடக்கிவிட்டால், விலை கொடுத்து வாங்கிய மருந்தில் பெரும்பங்கு உடலில் சேராமலே போய்விடும். பிறகு பழி பூஞ்சை மேல். இதய பலவீனம் உள்ளவர்களுக்கு இந்த மருந்து ஆபத்து. சிம்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரைகளோடும் சேராது. டெர்பினஃபைனுக்குக் கல்லீரல் நோய் இருந்தால் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி வாங்குகிற மருந்துகள் அல்ல இவை.

‘புது பூஞ்சை வந்துவிட்டது’ செய்தியைத் தப்பாகப் படிப்பது

2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஜப்பானில் சிகிச்சைக்கு வந்த ஒரு நேபாளி, ஒரு இந்தியர் இருவரிடமிருந்து எடுத்த படர்தாமரைப் பூஞ்சைக்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். 2023 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் இதைக் கண்டதாக அறிவித்தது. ஒருவர் பங்களாதேஷ் போய் வந்தவர், மற்றவர் சமீபத்தில் வெளிநாட்டுக்கே போகாதவர்.

டெர்பினஃபைன் வேலை செய்வது ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதியை முடக்கி. பூஞ்சை தன் செல் சவ்வைக் கட்ட அந்த நொதி வேண்டும். இந்தப் பூஞ்சையின் பல வகைகளில் அந்த நொதிக்கான மரபணுவில் ஒரு எழுத்து மாறி, நொதியின் 397-ஆம் இடத்தில் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லூசின் என்ற வேறொன்று உட்கார்ந்துவிட்டது. மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை.

இதிலிருந்து ‘ஸ்டீராய்டு தடவியதால் பூஞ்சை மாறிவிட்டது’ என்று ஒரே பாய்ச்சலில் முடிவுக்கு வருகிறார்கள். ஸ்டீராய்டு அந்த எழுத்தை மாற்றுவதில்லை. நோயை நீட்டி, உடம்பெங்கும் பரப்பி, அரைகுறை டெர்பினஃபைன் பட்டும் சாகாத பூஞ்சைகளுக்குப் பெருக வாய்ப்புக் கொடுக்கிறது என்பதே நியாயமான சந்தேகம். ஒன்றும் கேட்காது என்று கைவிடுவதும் தப்பு. டெர்பினஃபைனை ஜெயித்த பூஞ்சைகளில் பல, வேறு நொதியைத் தாக்கும் இட்ராகொனசோலுக்கு அடங்குகின்றன.

தோட்டத்து இலையும் ஆய்வுக்கூடத் தட்டும்

சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசுவது நம்மூர்ப் பழக்கம். ஆய்வுக்கூடத்தில் அதன் சாறு பூஞ்சை வளர்ச்சியைத் தடுப்பதாகக் காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. தட்டில் தடுப்பது வேறு. மனிதத் தோலுக்குள், தோலிலுள்ள மெல்லிய பூனைமுடியின் வேருக்குள் புகுந்த பூஞ்சையைக் கொல்வது வேறு. முடிக்குள் புகுந்துவிட்டால் கடைக் களிம்பே போதாது, மாத்திரைதான். இலையால் பெரிய கெடுதல் இல்லை என்று சும்மா இருக்கலாம். மண்ணெண்ணெய், பேட்டரி ஆசிட் பூசுகிறவர்களிடம் சும்மா இருக்க முடியாது. அது நோயோடு தீக்காயத்தையும் சேர்க்கும்.

தடவும் விதத்தில்

புண்ணின் நடுவில் மட்டும் பொட்டு வைப்பது வீண். விளிம்புக்கு வெளியே 2 சென்டிமீட்டர் வரை தடவ வேண்டும், தோல் பழையபடி ஆன பிறகும் 2 வாரம் தொடர வேண்டும். அளவுக்கு: பெரியவர் சுட்டுவிரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம், அது விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். இந்தக் கணக்குப் போட்டால், மாதம் முழுக்க ஒரே சின்ன டியூபை வைத்து இடுப்பு, தொடை, முதுகு எல்லாம் ஓட்டுவது ஏன் பலிப்பதில்லை என்பது விளங்கும்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் வைத்தியம் செய்வதும் வீண். துண்டு, பாய், உள்ளாடை தனித்தனி வேண்டும். அரிக்கிறது என்று சொல்லாத மனைவியையும் பிள்ளைகளையும் மருத்துவர் பார்க்க வேண்டும். ஈர ஜீன்ஸை மாட்டிக்கொண்டு வண்டியில் போவது, இடுப்பில் அரைஞாண் கயிறு நனைந்தபடியே கிடப்பது இரண்டும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இதுவரை தடவிய எல்லா டியூபையும், நசுங்கிப் போனதானாலும், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் நினைவில்லாமல் ‘வெள்ளை டியூப், சிவப்பு மூடி’ என்று சொன்னால் எந்த ஸ்டீராய்டு எத்தனை மாதம் பட்டது என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. பல மாதம் வீரியமான ஸ்டீராய்டு தடவியவர் நிறுத்தினதும் சிவந்து எரிவது உண்டு; அதைப் பார்த்து பயந்து அலமாரியிலிருக்கும் பழைய டியூபை மறுபடி எடுக்காமல், மருத்துவருக்கே போன் போட்டுக் கேளுங்கள்.