கேன்டன் கண்காட்சிக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: குவாங்சோ பயணத் திட்டம்

சீனாவிலிருந்து சரக்கு எடுக்க நினைக்கும் புதியவர்கள் பலர் டிக்கெட் விலையில்தான் தொடங்குகிறார்கள். முதலில் முடிவாக வேண்டியது பொருள். 1957 முதல் குவாங்சோவில் நடக்கும் வணிகக் கண்காட்சியான கேன்டன் கண்காட்சி, ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று கட்டமாக நடக்கிறது. உங்கள் பொருள் எந்தக் கட்டமோ அதுதான் உங்கள் பயணத் தேதி.

1. கட்டம்
வழக்கமாக ஏப்ரல் 15–19 மின்னணுச் சாதனங்களும் இயந்திரங்களும். 23–27 வீட்டு உபயோகப் பொருட்கள், பரிசுப் பொருட்கள். மே 1–5 ஜவுளி, பொம்மைகள். அக்டோபர் 15-இல் தொடங்கும் இரண்டாவது பருவத்திலும் இதே வரிசைதான். கட்டம் மாறிப் போனால் உங்கள் பொருளுக்கு ஒரு ஸ்டால்கூட இருக்காது.

2. நம் ஊர் விதிகள்
இறக்குமதிக்கு ஐ.இ.சி. எண் (இறக்குமதி-ஏற்றுமதியாளர் பதிவு எண்) வேண்டும். பொம்மைகளுக்கு 2021 முதல் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை கட்டாயம், அந்த முத்திரைக்கான உரிமம் இல்லாத தொழிற்சாலையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கிப் பயனில்லை. இதைக் கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

3. அழைப்பு, விசா, அறை
கண்காட்சியின் இணையதளத்தில் பதிவு செய்து அழைப்புக் கடிதம் எடுத்து, எம் வகை வணிக விசாவுக்கு விண்ணப்பியுங்கள். அறை வாடகை அந்த நாட்களில் எகிறிவிடும், சீக்கிரமே பதிவு செய்வது நல்லது. அரங்கம் இருக்கும் பாஜோ பகுதியில்தான் தங்க வேண்டும் என்றில்லை. மெட்ரோ 8ஆம் பாதையில் எங்கே தங்கினாலும் சரி. விமான நிலையத்திலிருந்து வரும் 3ஆம் பாதை கெசுன் நிலையத்தில் அதைச் சந்திப்பதால், அந்தப் பக்கம் வசதி.

4. போன்
வாட்ஸ்அப், ஜிமெயில், கூகுள் மேப் எதுவும் அங்கே சாதாரண வைஃபையில் ஓடாது. நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டால் ஓடும். பணம் செலுத்தும் செயலியான அலிபேயை இங்கேயே இறக்கி கார்டை இணைத்துவிடுங்கள். வீசாட்டும் அவசியம், வியாபாரிகள் அதில்தான் பேசுவார்கள். ஹோட்டல் முகவரியைச் சீன எழுத்தில் போனில் வைத்திருங்கள், டாக்சிக்காரரிடம் காட்டலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்துப் போங்கள்.

5. அரங்கில்
பரப்பு 15 லட்சம் சதுர மீட்டருக்கும் மேல். சுற்றிப் பார்க்கலாம் என்று நுழைந்தால் கால்தான் வலிக்கும். பார்க்க வேண்டிய ஸ்டால்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று கேள்வி: குறைந்தபட்சம் எத்தனை எடுக்க வேண்டும், எஃப்.ஓ.பி. விலை (அங்கே கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) என்ன, தொழிற்சாலை உங்களுடையதா? மூன்றாவதுக்குப் பதில் இழுத்தால் அவர் பெரும்பாலும் இடைத்தரகர்தான். விசிட்டிங் கார்டை ஸ்டாலோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் குழப்பம் வராது.

6. தொழிற்சாலை
கண்காட்சி முடிந்த மறுநாளே திரும்பிவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் கூடுதலாக ஒதுக்குங்கள், பயணத்தின் உண்மையான பலன் அதில்தான் இருக்கிறது. டைல்ஸ், ஃபர்னிச்சர் என்றால் பக்கத்திலேயே ஃபோஷான், விளக்குகளுக்கு ஜோங்ஷானின் குஜென், எலெக்ட்ரானிக்ஸுக்கு ஷென்சென். நேரில் பார்த்து, வணிக உரிமத்தைச் சரிபார்த்து, மாதிரி வாங்கி வாருங்கள். முன்பணமாக 30 சதவீதம் கேட்பது அங்கே வழக்கம். மாதிரி திருப்தியான பிறகு, உரிமத்தில் உள்ள நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள்.